கண் வைக்கும் இடம்

“சரி பண்றதுக்கு அதுல என்ன இருக்கு? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்.”

“நீயா பேசுற?”

“ஏன், நான் பேசக் கூடாதா?”

“பேசலாம். போன வாரம் வரைக்கும் வாளிக் கைப்பிடி உடைஞ்சா கம்பி கட்டித் தூக்கின ஆளு நீ. பல்லு போன சீப்பைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போற ஆளு. திடீர்னு புது கேமராங்குற.”

“அந்தச் சீப்பு பசங்களுக்கு. அவங்களுக்கு அது போதும்.”

“பசங்களுக்குப் பல்லு போன சீப்பு போதும், உனக்குப் பழைய கேமரா போதாதா?”

ஈர நீலத் துணியைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்த நாத்தனார் துணிக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அவள் முகம் தெரியவில்லை. துணி மட்டும் குலுங்கியது.

“நீ சிரிக்காத” என்றாள் அண்ணி. “உன் அண்ணனுக்கு எடுத்துச் சொல்லு.”

“நான் எதுக்கு நடுவுல? எனக்குத் துணி பிடிக்கிற வேலைதான். புது கேமரா வந்தாலும் பழைய துணிதானே?”

அந்த வீட்டில் மூன்று பேர். தெருவுக்கு அண்ணி போட்டோ அக்கா. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், அடையாள அட்டைக்காகப் பிள்ளைகளைப் படமெடுப்பது அவள் வேலை. நாத்தனார் கூடப் போவாள். பிள்ளைகளுக்குப் பின்னால் நீலத் துணியைப் பிடிப்பதும், மூக்கைத் துடைத்துவிடுவதும், மேல் பட்டனைப் போட்டுவிடுவதும் அவள் பொறுப்பு. கணவன் வீட்டிலேயே இருப்பவன். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அட்டையாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டி, வெட்டி, மூலைகளை உருட்டி, கயிறு கோத்துக் கட்டுவான். தெருவில் அவனை லேமினேஷன் என்றே கூப்பிட்டார்கள். அவன் சட்டையில், தலையணையில், சில நாள் சோற்றில்கூடச் சூடான பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அது அந்த வீட்டின் வாசனை.

மேசை மேல் ஒரு அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து அன்று மதியம் திரும்பி வந்த பெட்டி. கயிறு கட்டிய அட்டைகள் கட்டுக் கட்டாக அதில் இருந்தன. பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் ஏதோ மெல்லிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தன.

“பனியில நிக்கிற மாதிரி இருக்காங்களேம்மா” என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று போட்டோ அக்காவுக்குத் தோன்றியது. “திங்கட்கிழமை வந்து திரும்ப எடுத்துடுங்க. இந்தத் தடவையும் இப்படி இருந்தா நான் வேற ஆள்தான் பார்க்கணும். தப்பா நினைக்காதீங்க.”

பெரிய பள்ளிக்கூடம் போனால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும். அது வீட்டில் மூவருக்கும் தெரியும்.

“நான் சொல்றதைக் கேளு” என்றான் லேமினேஷன். மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான். அவன் கண்ணாடி தடிமனானது. அதைக் கழற்றினால் எதிரே இருப்பது கதவா ஆளா என்று அவனுக்குத் தெரியாது. “லென்ஸுல மோட்டார் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. தானா ஃபோகஸ் ஆகாது. நீயும் கையால வளையத்தைத் திருப்பித் திருப்பி எடுத்துட்டிருக்க. இப்ப உள்ள வேற எதுவோ நழுவியிருக்கும். கொண்டு போய்க் காட்டினா ஒரு ஸ்க்ரூ முடுக்கிக் குடுப்பாங்க. அதுக்குப் போய் கூரைக்கு வெச்சிருக்கிறதைத் தூக்கிப் புது கேமராவுக்குக் குடுக்கணுமா?”

அவன் கூரை என்றதும் மூவரும் தங்களையறியாமல் மேலே பார்த்தார்கள். மழை விட்டிருந்தது. ஆனாலும் கூரைத் தகரத்தின் மூலையிலிருந்து சொட்டிய நீர், கம்பி கட்டிய வாளியில் யோசித்து யோசித்து விழுந்தது.

“புதுசுல எல்லாம் தானாவே ஃபோகஸ் ஆகும்” என்றாள் அவள். “கண்ணையே கண்டுபிடிச்சுடுமாம். நாம சும்மா அமுக்கினா போதும்.”

“நம்மகிட்டதான் கண்ணு இருக்கே.”

அவள் அடுப்படிக்குப் போனாள்.

*

அரிசி வெந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் நின்று, சோப்பு உறையை எடுத்து அதன் பின்புறத்தில் இருந்த பொடி எழுத்துகளைப் பார்த்தாள். எழுத்துகள் எறும்பு வரிசை போல இருந்தன. கையை நீட்டிப் பிடித்தாள். கொஞ்சம் எழுத்து போல ஆயிற்று. கிட்டே கொண்டுவந்ததும் மறுபடி எறும்பாகி நகர்ந்தது.

வெளியே பார்த்தாள். தெருக்கோடியில் திரும்பும் பேருந்தின் எண் தெளிவாகத் தெரிந்தது. எதிர்வீட்டுக் கொடியில் காயும் காலுறையில் ஓட்டை இருப்பதும் தெரிந்தது. ஆனால் கேமராவில் கண் வைத்தால் மட்டும் புகை. மழைக்காலம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். வளையத்தை எவ்வளவு திருப்பினாலும், இதுதான் சரி என்று கை சொல்லி நின்ற அந்த இடம் இப்போது வருவதில்லை. பாதி ஊகம், பாதி பழக்கம். கேமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் பார்த்தால் எல்லாமே அவளுக்கு ஒன்றுபோல் இருந்தது. கிட்டத்தில் எதுவும் முன்போல் தெரிவதில்லை.

அவள் அப்பா பேருந்து ஓட்டியவர். ஒருநாள் வீட்டுக்கு வந்து, “முன்கண்ணாடியை எவனும் ஒழுங்கா துடைக்கிறதில்ல” என்றார். பிறகு தினமும் வீட்டிலிருந்தே துணி எடுத்துப்போனார். சோப்புத் தண்ணீர் கொண்டுபோனார். பணிமனையில் சண்டை போட்டார். கண்ணாடியையே மாற்றச் சொன்னார், மாற்றினார்கள். அதற்கப்புறமும், “இந்தக் கண்ணாடியிலயும் ஏதோ புகை இருக்கு” என்றார். ஒரு மதியம், ஒரு திருப்பத்தில், பேருந்தை ஒரு சுவரில் மெல்லத் தேய்த்துவிட்டு நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. இறங்கி வந்து சாவியை மேலாளரின் மேசையில் வைத்தவர் அதற்குப் பிறகு எதையும் ஓட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வருவது யார் என்று நடை சத்தத்தில் கண்டுபிடிக்கப் பழகினார்.

அப்போது அவருக்கு என்ன வயதோ, அதை அவள் இந்த மழைக்காலத்தில் தொட்டிருந்தாள்.

‘கேமராதான் கெட்டுப்போச்சு’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அப்பாவின் குரல் அவள் வாயிலிருந்து வந்தது. அதனால்தான் ரிப்பேர் கடை வேண்டாம் என்றாள். அங்கே ஒருவர் திறந்து பார்ப்பார். மூடி வைப்பார். ‘கேமராவுல ஒண்ணுமில்லயே’ என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் அவளுக்குப் பயம். புதுக் கேமராவோ தானாகவே பார்த்துக்கொள்ளும். அவள் கண்ணை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

“அண்ணி, சோப்புல என்ன படிக்கிறீங்க? அடுத்தது பரீட்சையா?”

நாத்தனார் பின்னால் நின்றிருந்தாள்.

“தேதி பாக்குறேன்.”

“சோப்புக்கு ஏது தேதி? கரையற வரைக்கும் போடவேண்டியதுதான்.” அவள் மூடியைத் தூக்கி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் பாவம், ராத்திரியெல்லாம் உக்காந்து அந்தப் படங்களைக் கம்ப்யூட்டர்ல கூர் தீட்டிப் பாத்தாரு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு மூச்சே விடல. ஆனா கூர் தீட்டினதுல பாதிப் பிள்ளைங்களுக்கு மீசை முளைச்ச மாதிரி ஆயிடுச்சு.”

போட்டோ அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவளும்தான் சொல்லவில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இருவரும் ஆளுக்கொரு மூட்டையைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துப் படுத்திருக்கிறார்கள்.

சாப்பிடும்போது லேமினேஷன் சொன்னான்: “நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வருவோம். கேக்குறதுல என்ன இருக்கு? முடியாதுன்னு சொன்னா அப்படியே பக்கத்துக் கடையில புதுசு வாங்கிடலாம். நானே தூக்கிட்டு வரேன்.”

அவித்த முட்டையை அவள் இரண்டாக வெட்டி, பெரிய பாதியை அவன் தட்டில் வைத்தாள். சண்டை இருக்கும் நாள்களில்தான் அவள் அப்படிச் செய்வாள்.

“சரி” என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவன் வழக்கம்போல் கேமராவை எடுத்துக்கொண்டு மாடியறைக்குப் போனான். அவள் வேலையில் அவன் கை படுவது இந்த ஒரு விஷயத்தில்தான். அவள் கொண்டுவந்து வைத்த கேமராவை அவன் எடுத்துச் சென்று, ஜன்னலருகே உட்கார்ந்து, மென்துணியாலும் பஞ்சுக் குச்சியாலும் மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, பையில் வைத்துக் கொண்டுவருவான். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி என்று நாத்தனார் கேலி செய்வாள். மழைக்காலத்தில் அதற்கு அதிக நேரம் பிடித்தது. ஈரம், பூஞ்சை பிடித்துவிடும் என்பான்.

*

ரிப்பேர் கடை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே புதுத் தோல் வாசனை பாதி வழிக்கு வந்து நின்றுகொண்டது. மேலே ஒரு நீளமான மேசை, சின்னச் சின்னத் தட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஸ்க்ரூக்கள், உள்ளே ஒரு அறை. ரிப்பேர்க்காரருக்கு ஜலதோஷம். தும்மல் வரும் ஒவ்வொரு முறையும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, தட்டுகளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினார்.

“ஸ்க்ரூ பறந்துடும்” என்று விளக்கம் சொன்னார். “போன வருஷம் ஒரு தும்மல். ஒரு வாரம் குனிஞ்சு தேடினேன். சொல்லுங்க சார், என்ன கம்ப்ளெயின்ட்?”

“படம் பனியா வருது” என்றான் லேமினேஷன். “மேடம்தான் எடுப்பாங்க. கையால ஃபோகஸ் பண்ணி.”

“ஏன் கையால?”

“மோட்டார் போச்சு.”

“எப்ப போச்சு?”

“அது கிடக்கு, ரெண்டு வருஷம்.”

“ரெண்டு வருஷமா கையால எடுக்குறீங்களா? பள்ளிக்கூடப் பிள்ளைங்களையா? ஆடாம நிப்பாங்களா?”

“நிக்க வெப்போம்” என்றாள் போட்டோ அக்கா. அவள் குரல் அவளுக்கே தூரமாகக் கேட்டது.

அவர் லென்ஸைக் கழற்றினார். விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார். ஊதினார். ஒரு தும்மலைத் தூரமாகத் தும்மிவிட்டு வந்தார். லென்ஸை வெளிச்சத்தில் சுற்றினார். மறுபடி மாட்டினார். கேமராவைக் கண்ணில் வைத்து ஜன்னல் வழியாக எதையோ பார்த்தார். விரல்கள் ஏதேதோ செய்தன. பியானோ வாசிப்பவரின் விரல்களைப் பார்ப்பது போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த விரல் எதைத் தொட்டது என்று தெரியாமல், முடிவை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு.

“மோட்டார் போனது போனதுதான்” என்றார். “மத்தபடி கேமராவுல ஒண்ணுமில்லயே. சுத்தமா இருக்கு. யாரோ நல்லா துடைச்சு வெச்சிருக்காங்க.”

லேமினேஷனின் முகம் மலர்ந்தது. அவள் கையிலிருந்த குடையின் நுனியைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். எதிர்பார்த்த வாக்கியம்தான். ஆனாலும் அது உள்ளே இறங்க நேரம் எடுத்தது. இன்னும் எத்தனை பள்ளிக்கூடங்கள் என்று ஏனோ நினைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து நடை சத்தத்தைக் கேட்கும்போது நாத்தனாரை எப்படிக் கண்டுபிடிப்பது? அவள் செருப்பு ஒன்று இழுக்கும், ஒன்று இழுக்காது. சுலபம்தான்.

“பாருங்க மேடம்” என்று அவர் கேமராவை நீட்டினார். “மோட்டார் மாத்துறதா இருந்தா உள்ள பழசு ஒண்ணு கிடக்கும், தேடிப் பாக்குறேன்.” அவர் உள்ளே போனார். உள்ளேயிருந்து பெட்டிகளை நகர்த்தும் சத்தமும் தும்மலும் மாறி மாறி வந்தன.

அவள் மரியாதைக்காகக் கண் வைத்தாள்.

எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெண் ஜாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீரின் நூல் தெரிந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினாள். கை, தானாக, அந்தப் பழைய இடத்தில் நின்றது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த ஈயின் சிறகுவரை எல்லாம் கழுவி வைத்தது போல இருந்தது.

“என்னங்க.”

“என்ன?”

“தெளிவா இருக்கு.”

“என்ன தெளிவா இருக்கு?”

“எல்லாம். ஈ தெரியுது.”

“ஈயா? குடு பாப்போம்.” அவன் கேமராவை வாங்கினான். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினான். கேமராவைக் கண்ணில் பதித்து, கொஞ்ச நேரம் பார்த்தான். “ஆமா, நல்லாத்தான் இருக்கு. எனக்கு எப்பவும் இப்படித்தானே தெரியும்?”

அவள் திரும்ப வாங்கிப் பார்த்தாள்.

புகை.

ஜன்னல், பெண், ஜாடி எல்லாம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். அவளுக்கு முதலில் வந்தது பயம். பிறகு, பயத்தின் அடியிலிருந்து, ஒரு சின்னச் சந்தேகம் கையைத் தூக்கியது, கடைசி பெஞ்சிலிருந்து பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி.

“இன்னொரு தடவை பாருங்க.”

“எதுக்கு?”

“பாருங்கன்னா பாருங்க.”

அவன் வாங்கினான். கண்ணாடி நெற்றிக்குப் போனது. கேமரா கண்ணுக்குப் போனது. அப்போது அவனுடைய வலது கட்டைவிரல், உடம்பின் மற்ற பாகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு தனி ஆள் போல, கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பொத்தான் அளவுச் சின்னச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தது. அது ஏற்கெனவே அவனுக்கு வேண்டிய இடத்தில் இருந்ததால் திருப்பாமல் விட்டுவிட்டது.

“அது என்ன?”

“எது?”

“கட்டைவிரல்ல.”

“இதா? இது திருப்புறது. கண்ணாடி போடாம பாக்கணும்னா இதைத் திருப்பினா தெளிவாயிடும். உனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியாது. அது அங்கே இருப்பது தெரியும். அது ஏதோ ஒரு மரை என்று நினைத்திருந்தாள். வாங்கின நாளிலிருந்து அவள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்ததால், அதைத் தொடவேண்டிய தேவையே வந்ததில்லை. அவளுக்குக் கேமராவைப் பழக்கியவர்களுக்கும் நல்ல கண்.

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரும் சொல்லல. பஞ்சுக் குச்சியால அந்த இடத்தைத் துடைக்கும்போது நகர்ந்துச்சு. சும்மா கண்ணு வெச்சுப் பாத்தேன். கண்ணாடியில்லாமலே தெருவெல்லாம் பளிச்சுனு...” அவன் நிறுத்தினான். மனைவியின் முகத்தில் என்ன நடக்கிறது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தான். அப்போதும் புரியவில்லை.

“எப்பலேருந்து?”

“மழை ஆரம்பிச்சதுலேருந்துன்னு வெச்சுக்க. ஏன்?”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சக்கரத்தைத் தன் விரலால் திருப்பினாள், கண் வைத்தாள். புகை விலகியது. எதிர் மாடிப் பெண் வேலை முடிந்து ஜன்னலை மூடிக்கொண்டிருந்தாள். திருப்பினாள், புகை. திருப்பினாள், கம்பியில் ஈ. அது இன்னும் அங்கேயே இருந்தது, அவளுக்காகக் காத்திருந்த மாதிரி.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ தடம் மாறி அழுகையாயிற்று. மறுபடி சிரிப்பானது. லேமினேஷன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“ஏம்மா, ஏய், என்னாச்சு? நான் என்ன பண்ணேன்?”

“மழைக்காலம் பூரா என் கண்ணைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு, என்ன பண்ணேன்னா கேக்குறீங்க?”

“உன் கண்ணையா?”

அப்போதுதான் அவள் சொன்னாள். அப்பாவைப் பற்றி, முன்கண்ணாடியைப் பற்றி, சோப்பு உறையின் எறும்புகளைப் பற்றி. கோர்வையாக வரவில்லை. மாமனார் கண் போனவர் என்று அவனுக்குத் தெரியும். அது எப்படித் தொடங்கியது என்று தெரியாது. அவன் நின்றபடியே கேட்டான். கேட்கக் கேட்க, தன் வலது கையைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான், அது கடிக்கும் என்பது போல.

“அதுக்காகவா புது கேமரா கேட்ட?”

“ம்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க பசங்களுக்கு மீசை வரைஞ்சதை என்கிட்ட சொன்னீங்களா?”

“தங்கச்சியைத் துணி பிடிக்கத்தான் அனுப்புறேன். வாயைப் பிடிக்கவும் ஒரு ஆள் போடணும்.”

ரிப்பேர்க்காரர் கையில் தூசி படிந்த ஒரு பெட்டியோடு வந்தார். அழுதிருந்த முகத்தைப் பார்த்துப் பதறினார். “மேடம், கவலைப்படாதீங்க, ஏதாவது பண்ணிடலாம்...”

“ஒண்ணும் பண்ண வேண்டாங்க” என்றாள் போட்டோ அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “கேமராவுல ஒண்ணுமில்ல.” சொல்லிப் பார்த்ததில் ருசியாக இருந்தது. இன்னொரு முறையும் சொன்னாள். “கேமராவுல ஒண்ணுமே இல்ல.”

“அதைத்தானே நானும் சொன்னேன்?” என்றார் அவர். பெட்டியை நீட்டினார். “மோட்டார்?”

“கையே பழகிடுச்சு. இருக்கட்டும்.”

படியிறங்கியதும் லேமினேஷன் அவள் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்தான். “பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம்” என்றாள். “தெரியும். சோப்பு எறும்பு மிச்சம் இருக்குல்ல?” என்றான். அடுத்த தெருவில் ஒரு கண் டாக்டர் இருந்தார். அவர் அவள் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தை அடித்து, மேலே பார், கீழே பார், ஆடாதே என்றார். தினமும் பிள்ளைகளிடம் அவள் சொல்கிற அதே சொற்கள். அப்பாவின் கதையையும் கேட்டுக்கொண்டார். பிறகு விளக்கைப் போட்டார்.

“உள்ள எல்லாம் நல்லா இருக்கு. கிட்டத்துல படிக்க மட்டும் ஒரு கண்ணாடி. நாற்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். அப்பாவுக்கு இருந்ததால வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க.”

வருஷத்துக்கு ஒரு தடவை என்ற அந்தச் சொல் மட்டும் ஒரு சின்னக் கல் போல அவள் செருப்புக்குள் தங்கியது. நடக்க முடியாத அளவு பெரிதில்லை. இருப்பது தெரிகிற அளவுக்கு மட்டும்.

*

வீட்டுக்கு வந்து சொன்னதும் நாத்தனார் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“அண்ணே, அப்ப ரிப்பேர் கேமராவுல இல்ல, உன்கிட்டதான். உன்னைச் சரி பண்றதா, மாத்துறதான்னு அண்ணிதான் முடிவு பண்ணணும்.”

“பழசுதான். ஆனா சுத்தமா துடைக்கும்” என்றாள் அண்ணி.

லேமினேஷன் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூரை மேல் ஏறி, புதுத் தகரத்தை எங்கே போடுவது என்று அளந்துகொண்டிருந்தான். கேமரா இருந்த பக்கம் வரவில்லை. துடைக்கும் துணி ஜன்னலோரம் மடித்தபடியே கிடந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தாழ்வாரத்தின் கடைசியில் துணியைப் பிடித்தார்கள். மழை வருவேன் வரமாட்டேன் என்று நின்றது. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கோட்டில் கால் விரல்களை வைத்தார்கள்.

“நாங்க முன்னாடியே எடுத்தோமே?” என்றாள் முதல் பிள்ளை.

“அப்ப நீ இவ்வளவு அழகா இல்ல” என்றாள் நாத்தனார் துணிக்குப் பின்னாலிருந்து. “மூக்கைத் துடை.”

போட்டோ அக்கா கண் வைத்தாள். வளையத்தைத் திருப்பினாள். கை நின்றது. அந்தப் பிள்ளையின் இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. புருவத்துக்கு மேல் ஆறிப்போன ஒரு கீறல், கன்னத்தில் ரொட்டித்தூள், கண்மணிக்குள் சிறியதாகத் தாழ்வாரத்தின் வளைவும், அதன் நடுவில் கேமராவை ஏந்திய ஒரு பெண்ணும். எத்தனை நாள் ஆயிற்று இவ்வளவு கிட்டத்தில் ஒரு முகத்தைப் பார்த்து! அவள் அமுக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அண்ணி, கை வலிக்குது. படம் எடுக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?”

மதியத்துக்குள் முடிந்தது. தலைமை ஆசிரியை வந்து, கேமராவின் சின்னத் திரையில் ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். போட்டோ அக்கா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடவே பார்த்தாள். ரொட்டித்தூள்கூடத் தெரிந்தது.

“இதைத் துடைச்சிருக்கலாம்” என்றார் தலைமை ஆசிரியை. பிறகு புன்னகைத்தார். “அடுத்த வருஷம் கொஞ்சம் சீக்கிரமே வந்துடுங்க, மழைக்கு முன்னாடி.”

மாலையில் மாடியறையில் விளக்குப் போடவேண்டிய அளவு இருட்டவில்லை. போட்டோ அக்கா நாத்தனாரின் நகப்பாலிஷ் குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சக்கரத்தில் தன் இடத்துக்கு நேரே ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். ஊதி ஊதி ஆறவைத்தாள். கேமராவை எடுத்துப் போய் அவன் மடியில் வைத்தாள்.

“துடைங்க. பூஞ்சை பிடிச்சுடும்.”

அவன் துணியை எடுத்தான். பொட்டைத் தொடாமல் சுற்றி வந்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் வேலையிலேயே இருந்தன. கீழே தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எதிர்க் கடையில் விளக்கு எரிந்தது.

“அப்படி என்னதான் பாத்தீங்க தினமும்?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. தெருவைத்தான்.”

“தெருவை சும்மாவே பாக்கலாமே.”

“சும்மா பாத்தா எல்லாரும் அவங்கவங்க பாட்டுக்குப் போறாங்க. இதுல பாத்தா...” அவன் தேடினான். “ஒரு சட்டத்துக்குள்ள வர்றாங்கல்ல? அந்த இஸ்திரிக்காரர் இருக்காரே, அவர் கடை அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா நிப்பாரு. எதுக்குன்னு தெரியாது. தினமும் நிப்பாரு. இதுல பாக்குறப்ப, இவருக்கு இப்ப ஏதோ ஆகப்போகுதுன்னு தோணும். ஒண்ணும் ஆகாது. கதவை இழுத்து மூடிட்டுப் போயிடுவாரு. ஆனா மறுநாளும் தோணும்.”

“ஒரு படம்கூட எடுக்கலையே நீங்க. மெமரி கார்டுல ஒண்ணும் இல்ல.”

“எடுக்கிறது உன் வேலை.”

அவள் ஜன்னலருகே வந்து நின்றாள். கீழே இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருந்தார். கைகளை இடுப்பில் துடைத்துக்கொண்டு தெருவின் மேற்குப் பக்கம் பார்த்து நின்றார். சும்மாதான் நின்றார்.

லேமினேஷன் மெல்லக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தான். அது இல்லாத அவன் முகம் வயது குறைந்து, கொஞ்சம் வழி தெரியாதது போல இருந்தது. கேமரா அவன் இரண்டு கைகளிலும் இருந்தது. கட்டைவிரல் சிவப்புப் பொட்டின் ஓரம்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. குப்பி இன்னும் திறந்தே இருந்தது. அதில் நின்ற தூரிகையின் நுனியில் இன்னொரு பொட்டுக்கு வேண்டிய பாலிஷ் காயாமல் இருந்தது.

“அவர் உள்ள போறதுக்குள்ள...” என்றான். “ஒரே ஒரு நிமிஷம். திருப்பிக்கட்டுமா?”